ரோஜாவின் நடுக்குழி

ஜனவரி 5, வெள்ளி

உரக்கடையில் கொடுத்த டைரி. அட்டையில் வேப்பம் புண்ணாக்கு விளம்பரம், உள்ளே தாள் நல்ல கனம். கோடுகள் நேராக இருக்கின்றன, ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டேன். பம்பு மோட்டார் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தவன் வேறு எப்படிப் பார்ப்பான்? முடி அளவு பிசகினாலும் ‘கழிவு’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். சீட்டின் அடியில் ‘பார்த்தவர்: சென்னியப்பன்’ என்று எழுதிவிட்டால் ஜெனரல் மேனேஜர்கூட அதைக் கிழிக்க முடியாது.

இவ்வளவும் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு. ஏழு வயதில் கிட்டிப்புள் பட்டு இடது கண் போயிற்று. அதில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். வலது கண் இரண்டு ஆள் வேலை பார்க்கிறது.

இந்த வருஷ வேலை ரோஜா நெபுலா. வானத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு வாயு வளையம். நடுவில் ஒரு குழி, குழிக்குள் பளிச்சென்று ஆறு நட்சத்திரங்கள், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. என் பதினாறு அங்குலத் தொலைநோக்கியில் ரோஜா முழுசாக அடங்காது. அந்தக் குழியும் அதைச் சுற்றிய இதழ்களும்தான் அடங்கும், அதுவே போதும். ஐந்து நிமிஷப் படங்களாக நானூறு எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மார்ச் அமாவாசைக்குள் முடிக்காவிட்டால் ரோஜா மேற்கே இறங்கிவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான்.

தோப்புக் கொட்டகையின் தகரக் கூரையைத் தண்டவாளத்தில் தள்ளித் திறந்தேன். சக்கரத்துக்குக் கிரீஸ் வேண்டும். கேமராவை மாட்டும் முன் கண்ணால் ஆறையும் எண்ணிவிடுவது என் வழக்கம், பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது மாதிரி.

எண்ணிக்கை: ஆறு. வரிசை நேர். பார்த்தவர்: சென்னியப்பன்.

ஜனவரி 9, செவ்வாய்

தென்னைக்குத் தண்ணீர் விடும் குழாயில் அணில் கடித்த ஓட்டை. ரப்பர் சுற்றிக் கட்டினேன்.

மேல் வரிசை நட்சத்திரங்களில் நடுவில் இருப்பது கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருக்கிறது. கண்ணாடிகளின் அச்சு கலைந்திருக்கும். பெரிய கண்ணாடியின் மூன்று திருகுகளையும் திருப்பி ஒரு மணி நேரம் சரி செய்தேன். சரியாகவில்லை. மார்கழிக் குளிரில் இரும்புச் சட்டம் சுருங்கியிருக்கலாம்.

எண்ணிக்கை: ஆறு. வரிசை பிசகு. பார்த்தவர்: சென்னியப்பன்.

ஜனவரி 11, வியாழன்

அமாவாசை. இருபத்தெட்டுப் படம் கிடைத்தது.

எண்ணிக்கை: ஐந்து. ஒன்று மட்டும் துடுக்கு, நேராகப் பார்த்தால் மறைகிறது, ஓரமாகப் பார்த்தால் வருகிறது. மங்கலான எதையும் இருட்டில் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அது மங்கலான நட்சத்திரம் இல்லை. பனி இறங்கியிருக்கும்.

ஜனவரி 14, ஞாயிறு

காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் ஜன்னல்களிலும் செருகினேன். அப்போதுதான் கவனித்தேன், கூடத்து ஜன்னல் கம்பிகள் நடுவில் உட்பக்கமாக வளைந்திருக்கின்றன. கிரில் போட்டவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். பண்டிகை அன்றைக்குமா என்று அவனும் திட்டினான்.

ருக்மணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கம்பியைத் தடவிப் பார்த்தாள்.

“நேராத்தானுங்க இருக்குது.”

“உனக்கென்ன தெரியும்?” என்று ஸ்டீல் ஸ்கேலைக் கொண்டுவந்து கம்பியோடு வைத்தேன். ஸ்கேலும் வளைந்திருக்கிறது. கம்பெனியில் பிரிவு உபசாரத்துக்குக் கொடுத்த ஸ்கேல். வெயில்படும் இடத்தில் வைத்தது என் தப்பு.

அவள் ஸ்கேலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். நாற்பது வருஷத்தில் அவள் பேசாமல் போவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

ஜனவரி 18, வியாழன்

இதுவரை எடுத்த தொண்ணூற்றாறு படங்களை அடுக்கிப் பார்த்தேன். இதழ்கள் அற்புதம். ஆனால் நடுக்குழி பெரிதாக இருக்கிறது. சாம்பல் அப்பின மாதிரி, ஓரம் மங்கலாக. போன வருஷம் அச்சடித்துக் கூடத்தில் மாட்டிய படத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் குழி பெரிதாகியிருக்கிறது. அச்சு மை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

நெபுலா இப்படி மாற லட்சம் வருஷம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 23, செவ்வாய்

நிலா வளர்ந்துவிட்டது, படம் எடுக்க முடியாது. தேங்காய்க் கணக்கு, கொட்டகைக்குக் கிரீஸ், கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் திருகுகளைத் துளையில் வைக்கவே அரை மணி ஆயிற்று. இப்போது வரும் திருகுகளுக்குத் தலையில் வெட்டே சரியாக இல்லை.

சாப்பிடும்போது ருக்மணி கேட்டாள். “ஏனுங்க, கொஞ்ச நாளாவே என்ற காதைப் பாத்துப் பேசறீங்க? மூஞ்சி இங்கதானுங்க இருக்குது.”

“முப்பது வருஷம் ஓரப் பார்வையில நட்சத்திரம் பாத்தவன். பழக்கம்.”

“மொதல்ல எல்லாம் அப்படிப் பாக்கலீங்களே. ஞாயித்துக்கெழமை கல்யாண மண்டபத்துல கண் முகாம் போடறாங்களாமா. ஒருக்கா போயிட்டு வந்துரலாமுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லமுத்து கதையை அவளுக்குச் சொன்னேன். கம்பெனியில் என்னிடம் வேலை பழக வந்தவன். ஒரே நாளில் இருநூறு ஷாஃப்டுகளைக் கழிவு என்று ஒதுக்கி வைத்தான். நான் ஷாஃப்டைத் தொடவே இல்லை, அவன் அளந்த கேஜை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினேன். கேஜ்தான் தேய்ந்து போயிருந்தது. “அப்படிப்பட்ட ஆளுக்குக் கண் முகாமா?” என்றேன்.

“இல்லீங்க, அந்தக் கதையில” என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அமாவாசை முடியட்டும், பார்க்கலாம்.

ஜனவரி 28, ஞாயிறு

முகாமுக்குப் போகவில்லை.

ஜனவரி 31, புதன்

காரின் முன்விளக்கு உடைந்தது. ஆடு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நடு ரோட்டில் எனக்கு நேர் எதிரே நின்றதாம். ருக்மணிதான் இறங்கிப் போய் ஆட்டுக்காரம்மாவிடம் பேசினாள். அப்புறம் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

பிப்ரவரி 1, வியாழன்

ருக்மணி விளக்கு வைத்த பிறகு வந்து நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னாள். ஆட்டின் கழுத்தில் கயிறு இருந்ததாம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று நின்றதாம். சிவப்புப் பாவாடை.

நான் எந்தக் குழந்தையையும் பார்க்கவில்லை.

கார்ச் சாவியைக் காணோம். நானும் தேடவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

இந்த டைரியின் கோடுகளும் சரியில்லை. முதல் பக்கத்தில் நேராக இருந்தவை இந்தப் பக்கத்தில் நடுவில் நெளிகின்றன. பக்கத்துக்குப் பக்கம் தரம் மாறுகிறது.

எண்ணிக்கை: நான்கு. ஓரப் பார்வையில் ஐந்து. இரண்டு வரிசையும் நெளிகிறது. திருகு, அச்சு, பனி எல்லாம் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது பெரிய கண்ணாடி ஒன்றுதான். நாளை பகலில் கழற்றுகிறேன்.

பிப்ரவரி 5, திங்கள்

அந்தக் கண்ணாடியை நானே இரண்டு வருஷம் கையால் தேய்த்துச் செய்தேன். அதன்மேல் பூசிய அலுமினியம் முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லியது. அதை விரலால் தொடவே கூடாது, தண்ணீரில் மிதக்க விட்டுத்தான் கழுவ வேண்டும். இதைப் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்திருக்கிறது.

வேப்பமரத்தடி மேஜையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் கறை. எலுமிச்சம்பழ அளவு, சாம்பல் நிறம். ஆகா, அகப்பட்டாயா என்று சத்தமாகச் சொன்னேன். ஒரு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

காய்ச்சி வடித்த நீரில் கழுவினேன். போகவில்லை. பஞ்சால் ஒற்றினேன். போகவில்லை. பிறகு தேய்த்தேன்.

விசித்திரமான கறை. நடுவில் தேய்த்தால் நடுவில் இருக்கிறது. அது கலைந்ததா என்று ஓரத்தைப் பார்த்தால் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. ஓரத்தில் தேய்த்துவிட்டு நடுவைப் பார்த்தால் மறுபடி நடுவில். நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தேன். வெயில் ஏறியது. வியர்வை சொட்டியது.

ருக்மணி மோர் கொண்டு வந்தாள். சொம்பை மேஜையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன பண்றீங்க? போதுமுங்க.”

“கறை போகமாட்டேங்குது.”

“அங்க ஒண்ணுமே இல்லீங்களே. நீங்க தேய்ச்ச எடம்தானுங்க ரசம் போயிட்டு வருது. கீழ போட்ட துணி தெரியுது பாருங்க.”

“உனக்குத் தெரியலையா? இதோ, இங்க!”

“எங்கீங்க?”

“இங்க!” என்று விரலை வைத்தேன். விரல் நுனி தெரியவில்லை.

எழுதும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. அப்போது மோரைக் குடித்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. காலையில் அமராவதிக் கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். எள்ளை இறைத்தபோது கையில் எள் இருக்கிறதா என்று ருக்மணியைக் கேட்க வேண்டியிருந்தது. ஐயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாலையில் கண்ணாடியைப் பழையபடி மாட்டிவிட்டேன். படம் எடுத்தேன். கேமரா ஒழுங்காக வேலை செய்கிறது.

எண்ணிக்கை எடுக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

இருநூற்றுப் பத்துப் படங்களோடு நிறுத்திக்கொண்டு அடுக்கினேன். நடுக்குழி இப்போது பாதி ரோஜாவைத் தின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சத்தை ஏற்றினேன். போதவில்லை. இன்னும் ஏற்றினேன். மூன்று மணி நேரம் ஏற்றி ஏற்றி, ஓரளவு சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகிற மாதிரி செய்து, பாளையங்கோட்டை பெனடிக்டுக்கு அனுப்பினேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன், ரோஜாவை என்னைப்போலவே வருஷா வருஷம் எடுக்கிறவன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, என்ன இது? நடுவுல வெள்ளைச் சுண்ணாம்பு அப்புன மாதிரி இருக்கு?”

“வெள்ளையா? குழியை இப்பத்தான் சமன் பண்ணினேன்.”

“குழியே இல்லையே அண்ணாச்சி. எல்லாம் வெந்து வெள்ளையாக் கெடக்கு. வெளிச்சம் ஏத்தாத படம் ஒண்ணு அனுப்புங்க பாப்பம்.”

அனுப்பினேன். அவன் அளந்து பார்க்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

“இது அருமையா இருக்கே! ஆறு நட்சத்திரமும் அப்படியே இருக்கு. வரிசை நேரா இருக்கு. போன வருஷத்துப் படத்தோட வச்சுப் பாத்துட்டேன், ஒரு இம்மி மாறல.”

“கண்ணாடில நடுவுல கறை. தேய்ச்சும் போகலை.”

“நடுவுலயா? அண்ணாச்சி, நடுப்பகுதி எப்பவும் சின்னக் கண்ணாடியோட நெழல்லதான இருக்கும்? அங்க தாரே பூசினாலும் படத்துல ஒண்ணும் தெரியாதே. எனக்கு இதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான. வீட்டுல மதினி இருக்காங்களா? போனக் குடுங்க.”

நான் கொடுக்கவில்லை. வைத்துவிட்டேன்.

நிழல். இது எனக்குத் தெரியாதா?

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். நட்சத்திர வரிசை, கழிவு. ஜன்னல் கம்பி, கழிவு. ஸ்கேல், கழிவு. பழைய அச்சுப் படம், கழிவு. திருகு, டைரிக் கோடு, கண்ணாடி, கழிவு. ஒரு பெட்டிச் சரக்கு முழுவதையும் ஒருவன் கழித்துவிட்டால் சரக்கைத் தொடக்கூடாது.

விளக்கை அணைக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 14, புதன்

ருக்மணியிடம் நானே சொன்னேன். “நாளைக்குக் கோயமுத்தூர் போலாம். பஸ்ஸில.” அவள் பையை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள்.

பிப்ரவரி 15, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. மூன்று மணி நேரம் சொட்டு மருந்து, படம், மறுபடி சொட்டு மருந்து. டாக்டரம்மா இளவயது. என் இடது கண்ணை மூடிவிட்டுச் சின்னச் சின்னக் கட்டம் போட்ட அட்டை ஒன்றை நீட்டினார்.

“அய்யா, நடுவுல இருக்கற புள்ளியைப் பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா?”

“புள்ளியே இல்லீங்களே” என்றேன்.

என் பின்னால் ருக்மணி மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது.

விழித்திரையின் நடுவில், நேராகப் பார்க்க உதவும் இடத்துக்கு அடியில், புதிதாக ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிந்திருக்கின்றன. கசிந்த இடம் இப்போது தழும்பாக ஆறிவிட்டது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். இப்போதுதான், ஒரு வாரம் இருக்கும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ருக்மணி பையிலிருந்து இந்த டைரியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எப்போது எடுத்து வைத்தாளோ. பக்கத்தைத் திருப்பி அவளே படித்தாள். “ஜனவரி ஒம்பது. மேல் வரிசை நட்சத்திரங்களில் நடுவில் இருப்பது கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருக்கிறது.” கம்பியைப் படித்தாள், ஸ்கேலைப் படித்தாள். ஆட்டைப் படிக்க ஆரம்பித்து, பாதியில் டைரியை டாக்டரம்மா பக்கம் தள்ளிவிட்டாள்.

டாக்டரம்மா தேதிகளை விரல்விட்டு எண்ணினார். “அஞ்சு வாரம் தாண்டிருச்சு. அந்த ஜனவரி ஒம்பதாந் தேதியை ஒட்டி வந்திருந்தா, ஊசி போட்டுப் பெரும்பகுதி காப்பாத்தியிருக்கலாம் அய்யா. ஆறின தழும்பை மாத்த முடியாது. மிச்சம் இருக்கற ஓரப் பார்வை போகாது. கசிவு பரவாம இருக்க இன்னைக்கே ஊசி போட்டுரலாம்.”

இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எழுதி வைத்த நோயாளியைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 22, வியாழன்

ஸ்கெட்ச் பேனா. பக்கத்துக்கு நாலு வரி. எழுதுகிற இடத்தைப் பார்க்காமல் பக்கத்தைப் பார்த்தால் எழுத முடிகிறது.

அந்தக் குழந்தையின் பெயர் தேன்மொழியாம். ருக்மணியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சிவப்புப் பாவாடை தெரிந்தது. முகம் தெரியவில்லை. “தாத்தா ஏன் என்னப் பாக்கமாட்டேங்குது?” என்று கேட்டது.

மார்ச் 9, சனி

பெனடிக்ட் வந்திருந்தான். கண்ணாடியைப் பார்த்தான். “பூச்சுதான் போயிருக்கு அண்ணாச்சி, கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல. புதுசாப் பூசிரலாம். பத்து நாள்ல வந்துரும்” என்றான். அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. எழுந்து கூரையைத் தள்ளப் போனான்.

நாளை அமாவாசை. ரோஜா மேற்கே சாய்ந்துவிட்டது. இந்த வருஷத்துக்குக் கடைசி. கருவியைக் கைப்பழக்கத்திலேயே திருப்பி நிறுத்தினேன். கண் வேண்டியிருக்கவில்லை.

ருக்மணியை ஏணியில் ஏறச் சொன்னேன். நாற்பது வருஷத்தில் அவள் ஒருமுறையும் இதில் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டதில்லை, அதுதான் உண்மை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். கண்ணைக் குழாயில் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“எத்தனை?”

“சின்னதா நெறைய இருக்குதுங்க. பெருசா ஆறு. மூணு மூணா.”

“வரிசை?”

அவள் இறங்கி வந்து என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். எனக்கு அவள் காதும் மூக்குத்தியும் தெரிந்தன.

“நேரா இருக்குதுங்க” என்றாள். “நம்ம ஜன்னல் கம்பி மாதிரி.”

நான் அழுதேன். பெனடிக்ட் கூரைச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணிக்கை: ஆறு. வரிசை நேர். பார்த்தவர்: ருக்மணி.